செக்ரோலில் ஏறாத பேர்கள்

இன்று ஒரு நாள் பேரை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் பட்டமளிப்பைக் காண வந்திருக்கும் தாய்மார்களே, தந்தையர்களே, பட்டம் பெறும் இளைஞர்களே, யுவதிகளே!

இத்தகைய விழாக்களில் உரையாற்ற அழைக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் பெரிய உத்தியோகங்களை வகித்தவர்களாக இருப்பது வழக்கம். நானோ எவரிடமும் சம்பளம் வாங்காதவன். ஹட்டன் பஜாரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, கடைக்காரர், தையற்காரர், ஆட்டோ ஓட்டுவோர், பால் ஊற்றுவோர் முதலிய சிறு தொழிலாளரின் வரவு செலவுகளைக் கிரமப்படுத்திக் கொடுத்து ஜீவனம் நடத்துகிறவன். உங்களுள் சிலருக்கு ஆசிரிய நியமனம் கிடைக்கலாம், சிலர் கொழும்புக்குப் போகலாம். ஆனால் கணிசமானவர்கள் இந்த நோட்டன் பிரிட்ஜிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்துகொண்டே, வீட்டின் முன்னறையில் மடிக்கணினியையோ தையல் மெஷினையோ வைத்து, தமக்குத் தாமே யஜமானராக வாழப் போகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் பேச வந்திருக்கிறேன். உற்சாகமூட்டும் பிரசங்கத்தை எதிர்பார்த்தவர்கள் மன்னிக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவனுடைய பேச்சு கணக்கைச் சுற்றித்தான் போகும்.

வீட்டிலேயே தொழில் செய்வது நவீன காலத்து விநோதம் என்று நகரத்தார் பேசுகிறார்கள். இந்தத் தேயிலைத் தேசத்தின் சரித்திரமே ஒரு வீட்டு விறாந்தையில் ஆரம்பித்ததாயிற்றே. 1867-ல் லூல்கந்துரத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், தம் பங்களாவின் விறாந்தையையே முதல் தொழிற்சாலையாக்கினார். மேசைமேல் கொழுந்தைக் கையால் உருட்டி, மண்ணடுப்பில் கரி மூட்டி உலர்த்தியே அந்த ஆதித் தூள் தயாராயிற்று. டெய்லருடைய பெயரைப் பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். மணிக்கட்டு முதல் முழங்கை வரை பசுஞ்சாறு வழிய அந்தக் கொழுந்தை உருட்டியவர்களுடைய பெயர் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. இதை நான் ஒரு குறையாகச் சொல்லிவிட்டுப் போவதற்காகச் சொல்லவில்லை; இந்தப் பேச்சு முழுவதும் பேரைப் பற்றியது என்பதனால் சொல்லுகிறேன்.

தோட்டத்தில் பேர் என்றால் என்னவென்று இங்குள்ள தாய்மாரை விட நன்றாக அறிந்தவர் யார்? காலையில் பிரட்டுக்களத்துக்குப் போய், மலைக்கு ஏறி, நிறுவையில் கொழுந்தின் நிறை சரியாக நின்றால் செக்ரோல் என்னும் தோட்டப் பதிவேட்டில் முழுப்பேர்; குறைந்தால் அரைப்பேர்; ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் கைக்காசு. இந்த முறையின் கொடுமைகளை நான் மறைக்கப் போவதில்லை. நிறை குறைந்த நாளில் அரைப்பேரோடு திரும்பிய பெண்களின் மௌனத்தை நான் அறிவேன். லயத்து அறையும் தோட்டத்துக்கே சொந்தம். பேர் நின்றால் கூரையும் ஆட்டம் காணும். ஆகவே நம் முன்னோருக்கு வீடு வேறு, வேலை வேறு என்ற சௌகரியமான பிரிவு ஒருநாளும் வாய்த்ததில்லை. என்றாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: செய்த வேலை அன்றைக்கு அன்றே எழுதப்பட்டது, மாலை நிறுவையோடு மலை வேலை முடிந்தது. முடியாமல் நீண்டது வீட்டு வேலைதான். விடியுமுன் ரொட்டி தட்டியதற்கும், பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் கொண்டுபோய் விட்டதற்கும், விறகு சுமந்ததற்கும் எந்தக் கணக்கப்பிள்ளையும் எந்தக் காலத்திலும் பேர் போட்டதில்லை.

அந்த மாலை என்னும் எல்லையைக் கரைத்ததில் இந்த ஊருக்கே ஒரு பங்குண்டு. நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திர 1918-ல் எஞ்சினியர்கள் சபையின் முன் எடுத்துரைத்தபோது அதற்குச் செவிசாய்த்தவர் சிலரே. பிற்பாடு உத்தியோகத்தை விட்டு 1931-ல் அரசாங்க சபைக்குள் புகுந்தும் அவர் அதையே வற்புறுத்தினார். கடைசியில் 1950-ல், கெஹெல்கமு ஓயாவை இங்கே மறித்து, லக்ஷபானவில் சக்கரங்களைச் சுழல வைத்தார்கள். 1965-ல் காசல்ரீ நீர்த்தேக்கத்து நீரைக் கொண்டு இயங்கும் இவ்வூர் மின்நிலையத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். ஓயா ஓடும் ஊரிலேயே எத்தனையோ லயங்கள் அதற்குப் பின்னும் நெடுங்காலம் குப்பி விளக்கில் கிடந்தன என்பது வேறு கதை. விளக்கு வந்த பிறகு, இருட்டு விழுந்ததும் தானாக நின்றுபோன தையல் இரவு பத்து மணி வரை ஓடுகிறது. கைத்தொலைபேசி வந்த பிறகோ பத்து மணிக்கும் நிற்பதில்லை. நிறுத்தச் சொல்வதற்குத் துரையும் இல்லை, சங்கு ஊதுகிறவனும் இல்லை.

என்னிடம் வரும் ஒரு தையற்காரப் பெண்மணியின் சி.ஆர். கொப்பியை உங்களுக்குக் காட்டுகிறேன். ஊரையும் பேரையும் சொல்லமாட்டேன். ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: நூல் 450, பொத்தான் 300, சீட்டு 2,000, மகனுடைய டியூஷன் 1,500, மெஷினுக்கு எண்ணெய் 200, மாமியாருக்கு மருந்து 900. எல்லாம் ஒரே மையில், ஒரே நிரையில். ஜனவரியில் பள்ளிச் சீருடையும் ஐப்பசியில் தீபாவளிச் சட்டையும் தைத்து இராத் தூக்கம் இழக்கும் அந்த அம்மாளை, ஒரு சட்டையில் உமக்கு நிற்பது எவ்வளவு என்று கேட்டேன். மிஞ்சினால் தெரியும் தம்பி என்றார். மருந்தும் டியூஷனும் போன பிறகு மிஞ்சுவதை இலாபம் என்றும், மிஞ்சாததை நஷ்டம் என்றும் அவர் கொண்டிருந்தார். உண்மையில் அவருடைய தொழில் இலாபத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றியது வேறொன்று: பொத்தான் வைத்தும் காஜா எடுத்தும் கொடுக்கும் மாமியாருடைய பெயர் அந்தக் கொப்பியில் மருந்துச் செலவாக மாத்திரம் இருந்ததே தவிர, வேலையாளாக ஓரிடத்திலும் இல்லை. பாடத்தை மூடிவிட்டு வந்து துணி வெட்டும் மகனுடைய பெயரும் அப்படியே.

ஆகவே உங்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். தொழிலுக்கு ஒரு கொப்பி, வீட்டுக்கு ஒரு கொப்பி போடுங்கள். தொழிற் கொப்பியிலிருந்து உங்களுக்கென்று ஒரு சம்பளத்தை எடுத்து வீட்டுக் கொப்பிக்கு மாற்றுங்கள். அதற்கு முன்பாக, அந்தத் தொழிலில் கைகொடுத்த தாய், மனைவி, கணவன், தம்பி, யாராயிருந்தாலும் அவர்களுக்குப் பேர் போடுங்கள். காசு கொடுக்க இயலாத மாதத்திலும் பேரை எழுதுங்கள். வீட்டார் செய்வதை அன்பு என்று சொல்லி எழுதாமல் விடுவது நம்மிடம் மிகப் பழைய வழக்கம். அன்பையும் அவ்வழக்கம் பெரிதாகக் காப்பாற்றியதாக நான் கண்டதில்லை.

இரண்டு கொப்பி இல்லாதபோது என்ன நேரும் என்பதற்குத் தேயிலையே சாட்சி. சில கம்பனிகள் இப்போது மலையைத் துண்டு துண்டாகக் குடும்பங்களிடம் ஒப்படைத்து, கொழுந்தை நிறைக்கு விலை கொடுத்து வாங்கிக்கொள்ளுகின்றன. நிலத்துக்கு உறுதி இல்லாமல் பொறுப்பை மாத்திரம் கொடுப்பது நியாயமா என்ற விவாதம் தொழிற்சங்கங்களில் நடந்து வருகிறது. எனக்கும் அதில் சந்தேகம் உண்டு. அதை ஒருபுறம் வைத்து, அந்தத் துண்டைப் பராமரிக்கும் வீட்டைப் பாருங்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை செடியைக் கவ்வாத்து வெட்ட வேண்டும்; வெட்டினால் சில மாதங்களுக்குக் கொழுந்து கிடையாது. துரை இருந்தபோது காலம் வந்ததும் கத்தி விழும். எவன் அடுப்பு எரிகிறது என்று அவர் கேட்பதில்லை. இப்போதோ தீர்மானிக்க வேண்டியவன் அந்த அடுப்புக்குச் சொந்தக்காரன். மகளுக்குச் சடங்கு இருக்கிறது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறான்; அடுத்த வருஷம் தகரம் மாற்ற வேண்டியிருக்கிறது; செடியோ உயர்ந்து, முரடாகி, வாஞ்சிக் கொழுந்து தள்ளுகிறது; நிறையும் இறங்குகிறது. அவன் சோம்பேறியும் அல்லன், மூடனும் அல்லன். வீட்டின் தேவையும் செடியின் தேவையும் ஒரே மடிப்பையில் கிடந்து அடித்துக்கொள்ளும்போது, வாய் பேசத் தெரிந்த வீடு வெல்லுகிறது.

சம்பளக்காரருக்குச் சட்டம் தானாகச் செய்து கொடுக்கும் சில காரியங்களையும் நினைவூட்டுகிறேன். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு எட்டும், தொழில் கொள்வோர் பன்னிரண்டும் கட்டுகிறார்கள். உங்கள் தாய் கஷ்டப்பட்டு வாங்கும் சம்பளத்துக்குப் பின்னாலும் அந்த இருபது சேர்ந்துகொண்டே போகிறது. ஓய்வு பெறும்போது அது அவர் கைக்கு வந்து சேரும். உங்களுக்கு அந்தப் பன்னிரண்டைக் கட்ட யாரும் இல்லை. பிரசவத்துக்கு எண்பத்து நான்கு நாள் விடுமுறை கொடுக்கவும் யாரும் இல்லை. யுவதிகள் இதைக் கவனிக்க வேண்டும், அவர்களை மணக்கப் போகிறவர்கள் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். ஒரு சட்டைக்கோ ஒரு மாணவனுடைய டியூஷனுக்கோ விலை வைக்கும்போது அந்த இருபதையும் அந்த எண்பத்து நான்கையும் விலைக்குள்ளேயே வைக்க வேண்டும். விலை ஏறிவிட்டது என்று வாடிக்கைக்காரர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

வீடும் வேலையும் ஒன்றானாலும் மனிதர் குறுகிப் போக வேண்டியதில்லை என்பதற்கு இந்த ஹட்டன் பிரதேசமே ஒரு தம்பதியைக் கண்டிருக்கிறது. தஞ்சையில் வர்த்தக மித்திரன் என்ற பத்திரிகை நடத்திய கோ. நடேசய்யர் இலங்கைக்கு வந்து, தோட்டத்துக்குள் அந்நியர் கால் வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரியின் வேஷத்தில் லயங்களுக்குள் நுழைந்து, கண்டதைத் தம் பத்திரிகையில் எழுதினார். 1936-ல் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குச் சென்றார். அவர் மனைவி மீனாட்சியம்மாளோ பத்திரிகை வேலையைப் பகிர்ந்துகொண்டதோடு, கூட்டங்களில் தொழிலாளர் நிலையைப் பாட்டாகக் கட்டிப் பாடினார். அவர்கள் வீட்டுக்கும் அச்சுக்கூடத்துக்கும் மேடைக்கும் இடையே சுவர் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் 1940-ல் வெளிவந்த அவருடைய பாட்டுப் புத்தகம் கணவர் பெயரில் வரவில்லை. மீனாட்சியம்மாள் பெயரிலேயே வந்தது. நடேசய்யருடைய மற்றப் பெருமைகளைப் பிறர் பேசுவார்கள். கணக்கு எழுதுகிற எனக்கு அந்த அட்டையில் உள்ள பெயர் பெரிதாகத் தெரிகிறது.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஞாயிறன்று ஓய்வெடுங்கள் என்று உபதேசிப்பது எளிது. தோட்டத்துச் சனம் பஜாருக்கு இறங்குவதே ஞாயிறுதான் என்றால் கடைக்காரன் எப்படிக் கதவை மூடுவான்? ஊருக்கு ஓய்வான நாள் நமக்கு வேலை நாள். ஆகையால் நம் ஓய்வு நாளை நாமே தேர்ந்து, கதவில் எழுதி ஒட்டி, முதலில் வீட்டாருக்கும் பிறகு வாடிக்கைக்காரருக்கும் அறிவித்துவிட வேண்டும். நான் போயா தினத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கொப்பி எழுதுவதில் சந்தேகம் எழுந்தால் நீங்கள் தாராளமாக ஹட்டனுக்கு வரலாம், முதல் ஆலோசனைக்குக் கூலி வாங்கமாட்டேன். போயா அன்று மாத்திரம் வந்து கதவைத் தட்டாதீர்கள், அன்றைக்கு வீட்டில் சமையல் என்னுடையது.