முள்ளைத் தேடும் விரல்

நீலாய் வட்டாரத்தில் பெரிய சாலையை விட்டுச் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் சைக்கிளைத் திருப்பிவிட்டால், கடை கண்ணி கிடையாது. வெட்டிப் போட்ட மட்டைகளின் முள்தான் உண்டு. அங்கே டயரில் காற்று இறங்கினால் கைகொடுப்பது சீட்டுக்கு அடியில் இருக்கும் சின்னப் பையும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த கையும்தான். அந்தக் கைவேலையைப் பற்றியே இன்றைய பேச்சு.

நம் தோட்டங்களுக்கு இது புதிதல்ல. ரப்பர் பால்மரம் வெட்டியவர்கள் பலருக்குச் சைக்கிள்தான் வாகனம். பால் வாளியோடு வரும்போது பஞ்சர் ஆனால், ஸ்டோருக்குப் போவதற்குள் பால் உறைந்துவிடும்; அன்றைய கூலியில் கைவைக்கும் சங்கதி அது.

இந்த வேலையின் மதிப்பை இரண்டாம் உலகப் போரும் காட்டியது. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தா பாருவிலும் தாய்லாந்துக் கரையிலும் இறங்கிய ஜப்பானியப் படையில் ஆயிரக்கணக்கானவர்கள் சைக்கிளில் தெற்கே வந்தார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் குறைந்தது இரண்டு பழுதுபார்ப்பவர்கள் இருந்தார்கள், அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 20 சைக்கிள்களைச் சரிசெய்தார்கள் என்று அந்தப் படையின் அதிகாரி சுஜி மசனோபு எழுதியிருக்கிறார். வெயிலில் டயர் வெடித்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். நம் நெகிரி செம்பிலானில், 1942 ஜனவரி 14 அன்று கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியர்கள் பதுங்கியிருந்து தாக்கியதும் இந்தச் சைக்கிள் படையைத்தான். நம் மக்களைச் சயாம் மரண ரயில் வேலைக்கு இழுத்துச் சென்றவர்களை நான் புகழவில்லை. ஆனால், எவ்வளவு தூரம் போகலாம் என்பதைச் சைக்கிள் மட்டும் முடிவு செய்வதில்லை, கூடவே வரும் பழுதுபார்க்கும் கையும் முடிவு செய்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

பையில் என்ன வேண்டும்? மாற்று டியூப் ஒன்று, டயர் லிவர் இரண்டு, ஒட்டு, பசை, உப்புத்தாள், கைப்பம்பு, 4, 5, 6 மில்லிமீட்டர் அல்லன் சாவிகள், செயினைப் பிரிக்கும் சிறு கருவி. இவ்வளவு போதும். இவற்றைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். பழுதின் காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுமையை வாங்க முடியாது. கலை அதில்தான் இருக்கிறது.

கைதேர்ந்தவர் புது டியூபை உடனே நுழைக்க மாட்டார். பழைய டியூபில் கொஞ்சம் காற்றடித்துக் கன்னத்தருகே மெல்லச் சுற்றுவார். காற்று கன்னத்தில் படும் இடத்தில் ஓட்டை இருக்கும். பிறகு வால்வு இருந்த இடத்தைப் பார்த்து டியூபை டயரோடு பொருத்திவைத்து, ஓட்டைக்கு நேரே டயரின் உள்பக்கத்தை விரல் நுனியால் தடவுவார். கண்ணுக்குத் தெரியாத முள் விரலுக்குத் தெரியும். அதை எடுக்காமல் டியூபை மட்டும் மாற்றினால் அடுத்த வளைவிலேயே மறுபடி இறங்க வேண்டியதுதான்.

ஓட்டையும் பேசும். அருகருகே இரண்டு இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம். காற்றுக் குறைந்த டயர் குழியில் மோதி, டியூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது. ரிம்மை ஒட்டிய பக்கத்தில் ஓட்டை என்றால், ரிம் நாடா விலகி ஸ்போக் முனை குத்தியிருக்கலாம். ஒட்டுப் போடுவதற்கும் பொறுமை வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, அதன் ஈரப் பளபளப்பு மங்கிய பிறகே ஒட்டை அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் பிடிக்காது.

வழியில் தொடக்கூடாதவையும் உண்டு. முன்கவையில் விரிசல் கண்டாலோ பிரேக் கம்பி அறுந்தாலோ, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதே அறிவு. எதைச் செய்யலாம், எதை விட வேண்டும் என்று தெரிந்திருப்பதும் இந்தத் தேர்ச்சியில் சேர்த்தி.

வீட்டு வாசலிலேயே ஒருமுறை பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஆணோ பெண்ணோ, சைக்கிள் ஓட்டும் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து, கையில் லிவரைக் கொடுங்கள். ஓட்டக் கற்றுக்கொடுத்த நாமே இதையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தால்தான் அந்தப் பாடம் முழுமையாகும்.