பசியை அடக்க ஊசி. ஊசிக்கேற்ற பெட்டிச் சாப்பாடு

(கலவையில் தோல், காலணித் தொழிலாளர் குடும்பங்களும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் கலவை பஸ் நிலையத்தருகே ஒரு சகோதரி நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர். அவருடைய கேள்விதான் இன்று நாம் இங்கே பேசுவதற்குக் காரணம்.

"பசியே எடுக்காத மாதிரி ஒரு ஊசி வந்துக்குதாமே அண்ணா? அது நமக்கெல்லாம் கெடைக்குமா?" என்றார்.

"எதற்கம்மா? உடம்பு இளைக்கவா?" என்று கேட்டோம்.

"இளைக்கிறது யாருக்கு வேணும்? காலையில அஞ்சரைக்கெல்லாம் வேன் வந்துடுது. ஒண்ணும் துண்ணாம ஏறுறோம். பத்து மணிக்குக் கண்ணு இருட்டுது. பசி எடுக்கலன்னா நிம்மதியா தைக்கலாமே!"

தோழர்களே, நமக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. அமெரிக்காவில் ஒருவர் அளவுக்கு மீறி உண்ட உடம்பைக் குறைக்க இந்த ஊசியைக் கேட்கிறார். கலவையில் ஒரு தாய், உண்ண நேரமில்லாத வயிற்றின் வாயை மூட அதே ஊசியைக் கேட்கிறார். இதற்கிடையே, ஊசி போட்டுக் கொண்டவர்கள் சாப்பிடுவதற்கென்றே தனிச் சாப்பாட்டைப் பெட்டியிலடைத்து விற்க வேறு சில கம்பெனிகள் கிளம்பிவிட்டன. ஊசி என்ன, பெட்டி என்ன, இவற்றில் நமக்கு என்ன சம்பந்தம் என்று இன்று பார்ப்போம்.

முதலில் ஊசி. நாம் சாப்பிட்டவுடன் நம் குடலிலிருந்து ஜி.எல்.பி.-1 என்ற ஒரு ஹார்மோன் சுரக்கிறது. 'போதும், வயிறு நிறைந்தது' என்று மூளைக்குச் சேதி சொல்வது அதுதான். இரைப்பை மெதுவாகக் காலியாகும்படி செய்வதும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது இன்சுலினைச் சுரக்கச் செய்வதும் அதன் வேலைகள். இயற்கைச் சுரப்பு சில நிமிஷங்களில் அழிந்துவிடும். ஊசியிலுள்ள மருந்தோ அதே வேலையை ஒரு வாரம் வரை செய்கிறது. ஆகவே வாரம் ஒரு ஊசி.

இது எங்கிருந்து வந்தது? அமெரிக்கப் பாலைவனத்தில் பல்லி ஜாதியைச் சேர்ந்த ஒரு விஷப் பிராணி உண்டு. நியூயார்க்கில், முன்னாள் ராணுவத்தினருக்கான சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்து வந்த டாக்டர் ஜான் எங், அதன் விஷத்தில் இந்த ஹார்மோனைப் போன்ற ஒரு பொருளைக் கண்டார். 1992-ல் அதை வெளியிட்டார். 2005-ல் இந்த இனத்தின் முதல் மருந்து நீரிழிவுக்காக விற்பனைக்கு வந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி, தனியார் கல்லாவில் போய் விழுந்தது. இது நமக்குப் பழக்கமான கதைதான்; மேலே செல்வோம்.

டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் செய்யும் செமாகுளூட்டைட், அமெரிக்காவின் எலி லில்லி செய்யும் டிர்செபடைட் - இரண்டும்தான் இன்று பெயர் பெற்றவை. மருந்து பொய் என்று நாம் சொல்லவில்லை. செமாகுளூட்டைட்டைச் சுமார் ஒன்றேகால் வருஷம் போட்டுக் கொண்டவர்களுக்குச் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் குறைந்தது என்று 2021-ல் வெளியான பரிசோதனை காட்டியது. ஆனால் ஊசியை நிறுத்திய ஒரு வருஷத்துக்குள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்று அதே பரிசோதனையின் தொடர்ச்சி காட்டியது. அதாவது, எடை திரும்பாமலிருக்க ஊசியைத் தொடர்ந்து போட வேண்டும். வியாபாரிக்கு இதைவிட இனிக்கும் செய்தி உண்டா?

ஆனால் எல்லா வியாபாரிக்கும் இனிக்கவில்லை! 2023 அக்டோபரில், வால்மார்ட்டின் அமெரிக்கக் கடைகளின் தலைவர் ஜான் ஃபர்னர் ஒரு விஷயத்தை வெளியிட்டார். இந்த மருந்தை வாங்குகிறவர்களின் மளிகைக் கூடை சற்றே சிறுத்துப் போகிறது என்றார். வால்மார்ட்டுக்கு இது எப்படித் தெரிந்தது? மருந்துக் கடையும் அவர்களுடையது; மளிகைக் கடையும் அவர்களுடையது. ஒரே ஆள் இரண்டிலும் என்ன வாங்குகிறார் என்று கணக்குப் பார்த்தார்கள். அந்தப் பேச்சு வந்ததும் தின்பண்டக் கம்பெனிகளின் பங்கு விலைகள் சரிந்தன. 2024 மே மாதத்தில் எடுத்த ஒரு கணிப்பின்படி, அமெரிக்கப் பெரியவர்களில் எட்டுப் பேருக்கு ஒருவர் இந்த ஊசியைப் போட்டுப் பார்த்தவர். எட்டில் ஒரு வாய் மூடிக்கொண்டால் பிஸ்கட்டும் சிப்ஸும் பீட்சாவும் எங்கே போகும்?

அப்பொழுதுதான் பெட்டிச் சாப்பாடு பிறந்தது. 2024-ல் நெஸ்லே கம்பெனி அமெரிக்காவில் 'வைட்டல் பர்சூட்' என்ற பெயரில் உறைய வைத்த சாப்பாட்டு வரிசை ஒன்றை அறிவித்தது. சூடு செய்து சாப்பிட வேண்டியதுதான். கிண்ணச் சோறு, ரொட்டி, சிறு பீட்சா என்று பன்னிரண்டு வகை. விலை ஒன்றுக்கு 5 டாலருக்குள். அளவு சிறியது; புரதம் அதிகம்; நார்ச்சத்து உண்டு என்று விளம்பரம். 2025 ஜனவரியில் கொனாக்ரா என்ற கம்பெனி தன்னுடைய 'ஹெல்தி சாய்ஸ்' பெட்டிகளில், இந்த ஊசி போட்டவர்களுக்கு உகந்தது என்ற முத்திரையை ஒட்டியது. பெட்டிகள் ஏற்கெனவே விற்றவைதான், முத்திரைதான் புதிது! எது உகந்தது என்று அமெரிக்க சர்க்கார் எந்த வரையறையும் செய்யவில்லை. ஒட்டியவர்கள் வைத்ததே சட்டம். 2026 ஜனவரியில் பிரிட்டனிலும் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், மாரிசன்ஸ் போன்ற பெரிய கடைகள் இப்படிச் சிற்றளவுச் சாப்பாடுகளை அலமாரியில் வைத்தன.

நம் ஊர்ப் பெயர் கலவை. அந்தப் பெட்டிக்குள் இருப்பதும் ஒரு கலவைதான். ஆனால் அந்தக் கலவையில் முக்கியமான சரக்கு லாபம்.

இது புதிய வித்தையா? இல்லை. தக்காளிச் சாறு விற்ற ஹைன்ஸ் கம்பெனி, 1978-ல் உடம்பு இளைப்போர் சங்கமான வெயிட் வாட்சர்ஸை விலைக்கு வாங்கியது. நெஸ்லேயின் கையிலிருந்த ஸ்டௌஃபர்ஸ் நிறுவனம் 1981-ல் இளைப்பதற்கென்று 'லீன் குசீன்' பெட்டிகளை இறக்கியது. நம் வீட்டுச் சோப்பு வரை விற்கும் யூனிலீவர் 2000-ம் ஆண்டில் பென் அண்ட் ஜெர்ரீஸ் ஐஸ்கிரீம் கம்பெனியை வாங்கியது. அதே ஆண்டில் இளைப்பதற்கான ஸ்லிம்-ஃபாஸ்ட் பானக் கம்பெனியையும் வாங்கியது. கொழுக்க வைப்பதற்கு ஒரு கை, இளைக்க வைப்பதற்கு ஒரு கை, பை ஒன்றே! அந்த வெயிட் வாட்சர்ஸ் பின்னர் 2023-ல் ஊசி எழுதிக் கொடுக்கும் ஒரு டாக்டர் சேவைக் கம்பெனியை வாங்கிப் பார்த்தது. அப்படியும் கடன் தாளாமல் 2025 மே மாதம் திவால் மனுப் போட்டது.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர் சாப்பிடுகிற கொஞ்சத்தில் சத்து இருக்க வேண்டும் என்பது உண்மை. ஊசியால் எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. புரதம் போதாவிட்டால் தளர்ச்சி வரும். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆகியவை இந்த மருந்தின் வழக்கமான தொல்லைகள். ஆகவே அளவு குறைந்த, புரதம் மிகுந்த உணவு என்பது வைத்தியப்படி சரியான யோசனை. அதற்குப் பெட்டியும் முத்திரையும் வேண்டுமா என்பதே கேள்வி. ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் மல்லாட்டையில் சுமார் 12 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். இரண்டு முட்டையும் ஒரு கைப்பிடி மல்லாட்டையும் ஏறக்குறைய 25 கிராம் தருகின்றன. மல்லாட்டை விளைவது எங்கே? நம் கலவை, திமிரி நிலங்களில்! அதை விளைவிக்கிறவர் வீட்டில் அது எத்தனை நாள் தட்டுக்கு வருகிறது என்று இங்கே உட்கார்ந்திருக்கும் விவசாயத் தொழிலாளிகளே சொல்லட்டும். மல்லாட்டை மண்டிக்குப் போகிறது. வீட்டுக்கு வருவது ரேஷன் பாமாயில்.

ரேஷனை நாம் குறை கூறவில்லை. அதைக் காப்பாற்றப் போராடியவர்கள் நாம். தமிழ்நாட்டில் அரிசி விலையில்லாமல் கிடைப்பதால்தான் பல வீடுகளில் அடுப்பெரிகிறது. ஆனால் தட்டில் சோறு குவிந்து, பருப்பும் முட்டையும் காயும் சுருங்கினால் உடம்பு என்ன ஆகும்? 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை உள்ளவர்கள். அதே ஆய்வில், அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.   அதிக எடையும் ரத்தசோகையும் ஒரே பெண்ணின் உடம்பில் குடியிருக்கவும் கூடும். உடம்பு பருத்திருக்கிறது, ரத்தம் இல்லை. அப்படிப்பட்ட சகோதரியைப் பார்த்து, 'நல்லாத்தானே இருக்கே' என்று சூப்பர்வைசர் சொல்கிறார்.

இனி விலைக்கு வருவோம். எலி லில்லியின் மௌன்ஜாரோ 2025 மார்ச்சில் நம் நாட்டுக்கு வந்தபோது, மிகக் குறைந்த அளவான 2.5 மில்லிகிராம் குப்பியின் விலை 3,500 ரூபாய். வாரம் ஒரு குப்பி. மாதம் 14,000. 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 336 ரூபாய். ஒரு வாரத்து ஊசிக்குப் பத்து நாள் கூலி போட்டாலும் போதாது. வாரத்துக்கோ ஏழே நாள்! ஷூ கம்பெனியில் நம் சகோதரிகள் மாதம் கையில் வாங்குவது எவ்வளவு என்று உங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 14,000-க்குப் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள்.

செமாகுளூட்டைட் மருந்தின் காப்புரிமைக் காலம் நம் நாட்டில் முடிவது 2026 மார்ச்சில். அதற்குப் பின் இந்தியக் கம்பெனிகள் அதைச் செய்வதற்குத் தடையில்லை. போட்டியில் விலை இறங்கும். அப்பொழுது நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. 2023-ல் வெளியான கணக்குப்படி நம் நாட்டில் நீரிழிவுக்காரர்கள் பத்துக் கோடிக்கு மேல். நீரிழிவோடு இருதய நோயோ சிறுநீரக நோயோ, கூடவே உடற்பருமனும் உள்ளவர்களுக்கு இந்த மருந்து அத்தியாவசியம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2025 செப்டம்பரில் தன் பட்டியலில் சேர்த்தது. 1994-ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக, மலிவாக மருந்து வாங்கிச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்து வருகிறது. அது இந்த மருந்தையும் வாங்கி, டாக்டர் தேவை என்று சொல்லும் ஏழை நோயாளிக்குக் கொடுக்கட்டும். உயிர் காக்கும் மருந்து அழகு நிலையத்தின் அலங்காரப் பண்டமாக மட்டும் இருப்பானேன்? டாக்டர் சீட்டு இல்லாமல், உடற்பயிற்சிக் கூடத்தில் எவரோ தருகிறார் என்று மட்டும் யாரும் இதைப் போட்டுக் கொள்ளாதீர்கள். கணையத்துக்கும் பித்தப்பைக்கும் சிலருக்குக் கேடு செய்யக் கூடிய மருந்து இது.

அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். அவருக்கு வேண்டியது ஊசியும் அல்ல, பெட்டியும் அல்ல. காலை ஏழு மணிக்குச் சூடாக ஏதாவது சாப்பிட வேண்டும், அவ்வளவே. பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரில் காலை உணவு தொடங்கியது நம் தமிழ்நாடு. பிள்ளை பள்ளியில் உப்புமா, பொங்கல் சாப்பிடுகிறது. அதைப் பெற்றவள் வெறும் வயிற்றோடு மெஷின் முன் உட்காருகிறாள்.

1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 46-வது பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் வைக்கச் சொல்ல வழி செய்தது. என்ன உணவு, என்ன விலை, நிர்வாகக் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகள் - இவற்றுக்கெல்லாம் விதி செய்யவும் அதில் இடமிருந்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை 100 ஆக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தொகுப்புகளில் தொழிலாளிக்கு விரோதமானவை எத்தனையோ உண்டு. அதை வேறொரு கூட்டத்தில் பேசுவோம். ஆனால் கையில் கிடைத்த ஒரு கத்தியை வேண்டாமென்று எறிவானேன்? ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து எண்ணி, நூறு பேருள்ள ஒவ்வொரு கம்பெனியிலும் கேன்டீன் எங்கே என்று கேட்போம். கேன்டீன் இருந்தால், அதில் டீயும் போண்டாவும் தவிர என்ன இருக்கிறது என்று கேட்போம். முட்டை உண்டா? சுண்டல் உண்டா? கேழ்வரகுக் கூழாவது உண்டா? வேன் வந்து சேர்ந்த பின் சாப்பிடக் கால் மணி நேரம் உண்டா?

வெறும் வாயால் கேட்டால் எவரும் காது கொடுக்கமாட்டார்கள். ஆகவே ஒரு வேலை வைத்திருக்கிறோம். வாசலில் நிற்கும் தோழர்களிடம் நாற்பது பக்க நோட்டுகள் இருக்கின்றன. கம்பெனிக்குப் போகும் சகோதரிகள் ஆளுக்கொன்று வாங்கிக் கொள்ளுங்கள். காலையில் எத்தனை மணிக்கு வேன் ஏறினீர்கள், ஏறுமுன் என்ன சாப்பிட்டீர்கள், மதியம் டப்பாவில் என்ன இருந்தது - ஒரு வாரம், தினமும் மூன்று வரி எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். பழைய சோறும் ஊறுகாயும் என்றால் அப்படியே எழுதுங்கள், கூச்சப்பட வேண்டாம். பெயர் போட வேண்டாம், கம்பெனிப் பிரிவு மட்டும் போதும். அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நோட்டுகளோடு இதே இடத்துக்கு வாருங்கள். மனுவை அவற்றைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.