சொந்த லொறி வாங்கி ஹயர் ஓடப் போகிறவர்களுக்கு

(பிள்ளைக் காம்பராவில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் பிள்ளைகளின் நிறை பற்றியும் திரிபோஷ பற்றியும் பேசினோம். இன்றைக்கு வேறு ஒரு விஷயம். இந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் எங்கள் காரியாலயத்துக்கு ஐந்து குடும்பங்கள் ஒரே கேள்வியோடு வந்துவிட்டன. "ஐயா, மகன் பட்டா லொறி ஒண்ணு எடுக்கப் போறான். மரக்கறி ஹயர் ஓடுறதாம். சேமலாப நிதிக் காசைக் கொடுக்கலாமா?" இதுதான் கேள்வி. ஐந்து பேருக்கும் தனித்தனியே சொன்னதை எல்லோருக்குமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தோம். தாய்மார்களைக் கட்டாயம் வரச் சொன்னதற்குக் காரணமும் அதுதான். காசு உங்களுடையது.

முதலில் நாங்கள் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறோம். 2021ஆம் ஆண்டு நமது டிவிசன் ஒன்றில் ஒரு தம்பி லொறி எடுத்தான். அம்மா முப்பது வருஷம் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய சேமலாப நிதியும், நம்பிக்கை நிதியும், மகளுக்கென்று வைத்திருந்த ஒரு சங்கிலியும் சேர்த்து முற்பணம். மீதி லீசிங். சித்தப்பா பிணை. கோயில் வாசலில் லொறியை நிறுத்தி மாலை போட்டுத் தேங்காய் உடைத்தபோது எங்களையும் கூப்பிட்டார்கள். போனோம், கைதட்டினோம். கடதாசியை ஒரு தரம் காட்டு தம்பி என்று கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை சோம்பேறி இல்லை. குடிப்பதும் இல்லை. ஆனால் வாங்கிய நேரம் எப்படிப்பட்டது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள். அதனால் பழைய லொறிக்கும் தலைக்கு மேலே விலை. 2021இல் இரசாயன உரம் வருவதையும் நிறுத்தினார்கள். தோட்டங்களில் விளைச்சல் குறைந்தது, லோட்டும் குறைந்தது. அந்த வருஷக் கடைசியில் டீசல் லீட்டர் 121 ரூபாய். 2022 ஜூன் கடைசியில் 460. அதற்கும் நாள் கணக்கில் கியூ. லொறி கியூவில் நின்றால் ஹயர் ஏது? 2022 முடியும்போது ஒரு நாள் காலையில், பெரட்டுக்கு முன்னமே, நாலு பேர் வந்து லொறியைக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த அம்மா ரசீதுகளை எல்லாம் ஒரு சேலைத்துண்டில் கட்டிக்கொண்டு எங்கள் காரியாலயத்துக்கு வந்து உட்கார்ந்தார். எண்ணிப் பார்த்தோம். பதினொரு ரசீது இருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "பதினொரு மாசம் கட்டினதுக்கு ஒரு டயரையாவது தர மாட்டாங்களா ஐயா?"

தரமாட்டார்கள். அதைவிட மோசம் என்னவென்றால், லொறியை ஏலத்தில் விற்றபிறகும் கணக்கில் பற்று நின்றது. அந்தப் பற்றுக்குச் சித்தப்பாவுக்குக் கடிதம் வந்தது. அவர் ஒரு தரமும் அந்த லொறியில் ஏறினது கிடையாது.

இதைச் சொல்லிப் பயமுறுத்துவதற்காகக் கூட்டம் கூட்டவில்லை. லொறி வைத்து நல்லாயிருக்கிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். கந்தப்பளை, இராகலை, வெலிமடைப் பக்கம் லீக்ஸ், கரட், கோவா விளைகிற வரைக்கும் லொறிக்கு வேலை உண்டு. இரவு எட்டு மணிக்கு மூட்டை கட்டினால் விடியுமுன் தம்புள்ளையில் இறங்க வேண்டும், அல்லது பேலியகொடை மெனிங் சந்தையில் இறங்க வேண்டும். பெரிய லொறி நிறையும்வரை காத்திருக்க முடியாத சின்னத் தோட்டக்காரர், "தம்பி, இப்பவே வா" என்று சொல்லி அழைக்கிற அவசர ஹயர்தான் பட்டா லொறிக்காரனின் பிழைப்பு. சொன்ன நேரத்துக்குப் போய் நிற்கிறவனை அந்த ஆள் விடமாட்டார்.

ஆனால் கணக்கு என்ன சொல்லுகிறது? வாங்க, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது வெறும் உதாரணம். வீட்டுக்குப் போய் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

லொறி விலை 22 இலட்சம் என்று வைப்போம். முற்பணம் 7 இலட்சம், லீசிங் 15 இலட்சம், நாலு வருஷம். வட்டி 14 வீதம் என்கிறார்கள். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அது பிளாட் வட்டி. அதாவது நீங்கள் மாதா மாதம் கட்டிக் கடன் குறைந்துகொண்டு வந்தாலும், கடைசி மாதம்வரை முழு 15 இலட்சத்துக்கும் வட்டி. நாலு வருஷ வட்டி 8 இலட்சத்து 40 ஆயிரம். மொத்தம் 23 இலட்சத்து 40 ஆயிரத்தை 48ஆல் பிரித்தால் மாதத் தவணை 48,750 ரூபாய். குறைந்துவரும் கடனுக்கு வட்டி போடுகிற முறையில் பார்த்தால் அந்தப் 14 வீதம் கிட்டத்தட்ட 24 வீதம் ஆகிறது. ஆகவே லீசிங் காரியாலயத்தில் "வட்டி எத்தனை வீதம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எல்லாத் தவணையும் கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்?" என்று கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள்.

இனி ஒரு பயணம். நுவரெலியாப் பக்கமிருந்து தம்புள்ளைக்குப் போய்வர ஏறக்குறைய 300 கிலோமீற்றர். பாரத்தோடு மலையில் லீட்டருக்கு 12 கிலோமீற்றர் ஓடினால் 25 லீட்டர். கணக்குக்கு லேசாக லீட்டர் 300 ரூபாய் என்று வைத்தால் 7500. கூட வருகிற உதவியாளுக்கும் இரண்டு பேர் சாப்பாட்டுக்கும் 2500. டயர், ஒயில், பிரேக், பற்றரி என்று கிலோமீற்றருக்குப் பத்து ரூபாய் ஒதுக்கினால் 3000. இந்தப் பத்து ரூபாயைத்தான் நம்ம பிள்ளைகள் யாரும் ஒதுக்குவதில்லை. டயர் தேயும்போது காசாகத் தெரியாது, மாற்றும்போதுதான் தெரியும். ஆக செலவு 13,000. ஹயர் 20,000 கிடைத்தால் மீதி 7000.

மாதத்தில் முதல் ஏழு பயணம் லீசிங்காரனுக்கு. எட்டாவது பயணம் காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, தகுதிச் சான்றிதழ் ஆகிய வருடச் செலவுகளுக்கு. ஒன்பதாவது பயணத்தில்தான் வீட்டு அடுப்புக்கு முதல் ரூபாய். பன்னிரண்டு இரவு ஓடினால் 28,000 ரூபாய் மிஞ்சும். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1350 ரூபாய் நாட்சம்பளப்படி பார்த்தாலே, 25 பேர் விழுந்த ஒரு தாய்க்கு 33,750 வருகிறது. லொறி முதலாளியைவிடக் கொழுந்தெடுக்கிற அம்மாவுக்குக் கூடுதல்! சிரிக்கிறீர்கள். எங்களுக்கும் முதல்தரம் இந்தக் கணக்கைப் போட்டபோது சிரிப்புத்தான் வந்தது, பிறகு வரவில்லை.

அப்படியானால் நல்லாயிருக்கிறவர்கள் எப்படி நல்லாயிருக்கிறார்கள்? பக்கத்து டிவிசனில் ஒரு தம்பி இருக்கிறார். அவர் லொறி வாங்குவதற்கு முன் இரண்டு வருஷம் இன்னொருவரின் லொறியில் உதவியாளாகப் போனார். மூட்டை தூக்கினார். எந்தக் கடைக்காரர் அன்றைக்கே காசு தருகிறார், எவர் "அடுத்த கிழமை பார்ப்போம்" என்கிறார் என்று அவருக்கு லொறி வாங்குமுன்பே தெரியும். முக்கியமாக, தம்புள்ளையில் மரக்கறியை இறக்கிவிட்டு வெறும் லொறியோடு திரும்புவதில்லை. பெரிய வெங்காயம், தேங்காய், அரிசி என்று நம்ம பக்கத்துக் கடைகளுக்கு ஏற்றிக்கொண்டு வருகிறார். டீசல் போகும்போதே கணக்கில் எழுதியாயிற்று. ஆகவே திரும்பும்போது கிடைக்கிற 5000 ரூபாயில் பெரும்பகுதி கையில் நிற்கும். மாதம் ஆறு தரம் அப்படி வந்தால் 30,000. குடும்பத்தைக் காப்பாற்றுவது இந்தத் திரும்புகிற லோட்டுத்தான்.

இன்னொன்று, அவருடைய கொப்பியை எழுதுகிறது மனைவி. காலையில் அவர் வந்து படுத்ததும் சட்டைப் பையில் இருக்கிற துண்டுகளையும் காசையும் எடுத்து, டீசல் இவ்வளவு, ஹயர் இவ்வளவு, வரவேண்டியது இவ்வளவு என்று எழுதிவிடுவார். டயர்க் காசு தனி டின்னில். கணவனே ஆனாலும் அந்த டின்னில் கை வைக்கக்கூடாதாம்.

இனி கடதாசி விஷயம். பழைய லொறி என்றால் எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று ஒரு லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், விற்கிறவர் தன் கடனை முடிக்கவில்லை. "ஓப்பன் பேப்பர்ல தாறேன், பிறகு மாத்திக்கலாம்" என்பதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். நாலு கை மாறி வந்த லொறிக்கு யாரைத் தேடிப் போவது? சாரதி அனுமதிப்பத்திரமும் லொறிக்கு ஏற்ற வகையாக இருக்க வேண்டும். மொத்தப் பாரம் 3500 கிலோவுக்கு மேற்பட்ட லொறிக்கு சி1 வகை தேவை.

காப்புறுதி எடுக்கும்போது வாடகைக்கு ஓடுகிற வாகனம் என்று உண்மையைச் சொல்லுங்கள். கட்டணம் குறையும் என்று சொந்தப் பாவனை என எழுதிவிட்டு ஹயர் ஓடினால், விபத்து நடந்த அன்று அந்தக் கடதாசியால் பயன் இருக்காது. லொறிக்குள் இருக்கிற மரக்கறிக்கும் அந்தக் காப்புறுதி பேசாது. அதற்கு வேறாக எடுக்க வேண்டும்.

பிணை நிற்கிற மாமன் மச்சான்மாருக்கும் ஒரு வார்த்தை. பிணை என்பது சாட்சிக் கையெழுத்து இல்லை. கடன்காரன் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது. கட்டத் தவறினது கிறிப் அறிக்கையில் பதிவாகும். நாளைக்கு மகளின் படிப்புக்கு வங்கிக்குப் போனால் அங்கே அது நிற்கும். நம்மில் அநேகருக்கு லயத்து அறைக்கு உறுதி இல்லை. வங்கி உறுதி கேட்கிறது. அதனால்தான் சொந்தக்காரரின் கையெழுத்தையும் அம்மாவின் சேமலாப நிதியையும் தேடுகிறோம். அந்தக் குறையை நாங்கள் இந்தக் கூட்டத்தில் தீர்த்து வைக்க முடியாது. ஆனால் அம்மாவின் காசு முழுவதையும் முற்பணத்தில் போடாதீர்கள் என்று சொல்ல முடியும். குறைந்தது மூன்று தவணைக் காசைப் புத்தகத்தில் விட்டு வையுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகப் பாதைகள் பல மண்சரிவில் மூடிக்கிடந்தன. தவணைத் தேதி அந்த மாதமும் வந்தது. கட்ட முடியாது என்று தெரிந்தால் ஒளிந்துகொள்ளாமல், தவணை தப்புவதற்கு முன்பே கம்பனிக்குப் போய் எழுத்தில் அவகாசம் கேளுங்கள். அதைக் கட்டுவதற்காக மனைவியைக் குழுக் கடன் எடுக்கச் சொல்லாதீர்கள். அது ஒரு கடனை இரண்டாக்கும் வேலை.

பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரம்பொடை இறக்கத்தை எல்லோருக்கும் தெரியும். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டியெல்லைப் பகுதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே பாதையில்தான் நம்ம பிள்ளைகள் நடுச்சாமத்தில் இறங்குகிறார்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் சூடேறிப் பிடிக்காமல் போகும். சின்ன கியரிலேயே இறங்க வேண்டும். ஒரு மூட்டை கூட ஏற்றினால் கூடக் காசு என்று முதலாளி சொல்வார். அவர் லொறியில் வருவதில்லை. இரண்டு இரவு ஓடினால் மூன்றாம் இரவு தூங்க வேண்டும், தவணை நெருங்கினாலும் சரி. திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் ஆட்களை நிற்கவைத்து ஏற்றிக்கொண்டு போகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இராத்திரியில் யாருக்கும் சுகமில்லை என்றால் லொறியைத் தேடி ஓடுமுன் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

அந்த முதல் தம்பியைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். இப்போது இன்னொருவரின் லொறியில் சாரதியாகச் சம்பளத்துக்குப் போகிறார். சித்தப்பாவின் பற்றை மாதா மாதம் கொடுத்து வருகிறார், இன்னும் முடியவில்லை. போன மாதம் எங்களிடம் வந்து, மறுபடி ஒரு லொறி எடுக்கலாமா என்று கேட்டார். இந்தத் தரம் கொப்பியோடு வந்திருந்தார். அம்மாவும் கூட வந்தார். சித்தப்பாவின் கணக்கு முடியட்டும், பிறகு சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினோம்.

லொறி எடுக்கிற யோசனையில் இருக்கிற மற்றவர்கள் சம்பளம் போட்ட பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காரியாலயத்துக்கு வாங்க. லீசிங் கடதாசியைக் கையெழுத்துப் போடாமல் கொண்டு வாங்க. சிங்களத்தில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் வரிக்கு வரி வாசித்துச் சொல்கிறோம். பதிவுப் புத்தகத்தின் பிரதி, அம்மாவின் சேமலாப நிதிக் கூற்று, பிணை நிற்கிறவர், ஒரு கொப்பி. இவ்வளவும் வேண்டும். அம்மாவும் வர வேண்டும்.