நீரும் பொன்னும் பிறந்த கதை

திருவானைக்காவில் இறைவனை அப்புலிங்கமாக, அதாவது நீரின் வடிவமாக, வழிபடுவது நெடுநாளைய மரபு. நம் முன்னோர் நீரை ஐம்பூதங்களுள் ஒன்றாகக் கொண்டனர். இரசாயன நூலோ, நீர் தனி மூலகமன்று, இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் கூடிய சேர்க்கை என்கிறது. அவ்வாறாயின் அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது? ஆக்ஸிஜன் எங்கே பிறந்தது? அருகே திருவரங்கத்து விமானத்தில் மின்னும் பொன் எந்த உலையில் விளைந்தது? மாணவ நண்பர்களே, இவ்வினாக்களுக்கு விஞ்ஞானிகள் பலர் கூடிக் கண்ட விடையையே இன்று சொல்ல விழைகிறேன்.

திருவானைக்காவில் 1888-ஆம் ஆண்டு பிறந்தவர் சர் சி. வி. இராமன். அவருடைய தமையனாரின் புதல்வர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இவர், 1942-இல் லூயிஸ் ஹென்ரிச் என்பவருடன் சேர்ந்து மூலகங்களின் தோற்றத்தை ஆராய்ந்தார். அளவிறந்த வெப்பமும் அடர்த்தியும் கொண்ட ஒரே உலையில் எல்லா மூலகங்களும் சமநிலையில் விளைந்திருந்தால் அவை எந்த விகிதத்தில் இருக்கும் என இருவரும் கணக்கிட்டனர். ஆக்ஸிஜன் முதல் கந்தகம் வரை கணக்கு ஒருவாறு பொருந்தியது. பொன், ஈயம் போன்ற கன மூலகங்களோ இயற்கையில் காணும் அளவுக்குக் கிட்டவே இல்லை. இதனைத் தோல்வி என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே உலை போதாது என்று தெளிந்ததே பெரும் பயன். உலைகள் பலவற்றைத் தேட வேண்டும் என்பது அதனால் விளங்கிற்று.

முதல் உலை, பிரபஞ்சம் விரியத் தொடங்கிய காலமே. சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன், ஹைட்ரஜனும் ஹீலியத்தின் பெரும்பகுதியும் அப்போதே உண்டாயின. ஏனையவற்றுக்கு விண்மீன்களை நாட வேண்டும். மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் கூடிக் கார்பன் ஆகவேண்டுமானால், கார்பன் அணுக்கருவில் ஒரு தனிப்பட்ட சக்தி நிலை இருந்தே தீரவேண்டும் என்று இங்கிலாந்தின் பிரெட் ஹாயில் 1953-இல் ஊகித்தார். கலிபோர்னியாவின் சோதனைச்சாலையில் தேடினார்கள். அந்நிலை அங்கே இருந்தது!

அதற்கு முந்திய ஆண்டில் பால் மெரில் என்ற வானநூலார் சில செந்நிற விண்மீன்களின் ஒளியில் டெக்னீஷியம் என்னும் மூலகத்தைக் கண்டிருந்தார். சில இலட்சம் ஆண்டுகளிலோ, மிஞ்சினால் சில கோடி ஆண்டுகளிலோ அழிந்துபோகும் பொருள் அது. பழைய விண்மீனில் அது தென்படுகிறதென்றால், அங்கேயே புதிதாக விளைகிறது என்பதன்றி வேறு பொருள் இல்லை.

இச்சான்றுகளையெல்லாம் ஒன்றுகூட்டி 1957-இல் நால்வர் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டனர். விண்மீன் ஒளியைப் பகுத்தாய்ந்தவர் மார்கரெட் பர்பிட்ஜ், அவர் கணவர் ஜெப்ரி பர்பிட்ஜ் பௌதிகக் கொள்கையில் வல்லவர், அணுக்கரு வினைகளைச் சோதனைச்சாலையில் அளந்தவர் வில்லியம் பவுலர், நான்காமவர் ஹாயில். தொலைநோக்கி ஒருவரிடம், சோதனைக் கருவி ஒருவரிடம், கணக்கு வேறொருவரிடம். தனித்து நின்றால் எவராலும் முடிக்க இயலாத வேலை அது. 1983-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசைச் சந்திரசேகரும் பவுலரும் பகிர்ந்து பெற்றனர். ஹாயிலுக்கு அப்பரிசு கிட்டவில்லை. கூட்டு முயற்சியின் புகழ் எப்போதும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்பதையும் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

பொன்னின் கதை பின்னும் நீண்டது. இரும்பு வரையில் அணுக்கருக்கள் இணைந்தால் சக்தி வெளிப்படும். அதற்கு மேல் இணைப்பினால் ஆதாயமில்லை. ஆகவே கன மூலகங்கள் நியூட்ரான்களை ஏற்று வளர வேண்டும். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அதிர்வை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் உள்ள கருவிகள் பதிவு செய்தன. பல நாட்டுத் தொலைநோக்கிகள் அத்திசையை நோக்கித் திரும்பின. கன மூலகங்கள் அங்கே திரளாக விளைந்ததற்கான சான்றுகள் அவ்வொளியில் கிடைத்தன.

ஆக, காவிரியில் நீங்கள் அள்ளும் ஒரு கை நீரில், ஹைட்ரஜன் பிரபஞ்சத்தின் தொடக்கத்தது; ஆக்ஸிஜன் என்றோ மடிந்த பெருவிண்மீன்களின் கொடை. இதனை அறிந்தவர் ஒருவரல்லர். உங்களுள் ஒருவருக்குக் கணக்கு எளிதாயிருக்கும், மற்றொருவருக்குச் சோதனைச்சாலையில் கை பழகியிருக்கும். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து பழகுங்கள். பெரிய வினாக்கள் அத்தகைய மேசைகளுக்காகவே காத்திருக்கின்றன.