கடைசி இடத்திலிருந்து தூக்கியவர்கள்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பந்து உதைச்சவனைப் பேசச் சொன்னா பந்தைப் பத்தித்தான் பேசுவான்" என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். அதேதான். 2014இல் தொடங்கிய நம் சென்னையின் எஃப்.சி. அணியின் பயிற்சியாளர்களில் யார் பெரியவர்?

முதலிடம் இத்தாலியின் மார்கோ மட்டெராசிக்கு. 2015இல் கடைசி இடத்துக்குப் போன அணி. வெள்ளத்தால் சென்னை அரையிறுதியைப் புனேயில் ஆட வேண்டிய நிலை. அங்கிருந்து எழுந்து, இறுதிப் போட்டியில் கோவாவை 3-2 என வென்றது.

இரண்டாமிடம் ஓவன் காய்ல். 2019 டிசம்பரில் தடுமாறிக் கிடந்த அணியை ஏற்று, 2020 மார்ச்சில் இறுதிப் போட்டிக்கே கொண்டுவந்தார். கொல்கத்தாவிடம் 1-3. கோப்பை இல்லை.

மூன்றாமிடம் ஜான் கிரிகோரி. "என்னப்பா, 2018ல பெங்களூருக்கே போய் அவங்களை 3-2ன்னு ஜெயிச்சவராச்சே!" என்று என் மகன் சண்டைக்கு வருகிறான். கோப்பை பெரிதுதான். ஆனால் அடுத்த பருவத்தில் அதே அணி பத்தில் பத்தாவது. அவரால் தூக்கி நிறுத்த முடியவில்லை.

இந்த அளவுகோல் எனக்கு நம் கல்லூரி மைதானத்தில் கிடைத்தது. ஐந்து கோல் வாங்கித் தோற்று வந்த எங்களை உடற்கல்வி ஆசிரியர் திட்டவில்லை. "காலைல அஞ்சு மணிக்கு வாங்கடா" என்றார், அவ்வளவுதான். மலையே தெரியாத இருட்டில் நாங்கள் வந்தபோது, எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

தம்பிகளே, அரியர் வைத்தவர்களுக்காக அதே ஐந்து மணிக்கு வர நாங்கள் தயார். நீங்க வர்றீங்களா?