தாயகம் திரும்பிய மாணவிகள்

(சங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அயல்நாட்டுக் கல்வியால் ஒருவர் அடையும் வளர்ச்சியைக் குறித்துப் பேசும்படி காரியதரிசியவர்கள் என்னைப் பணித்தார்கள். கல்வியின் பெருமையைப் பொதுவாக எடுத்துரைப்பது எளிது, கேட்பதற்கும் இனிதாயிருக்கும். அதனை விடுத்து, ஜப்பான் தேசத்தினின்று அமெரிக்காவுக்கு அனுப்பப்பெற்ற சில சிறுமிகளின் சரித்திரத்தைச் சொல்ல எண்ணுகின்றேன்.

1871-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 23-ஆம் தேதி, இவாகுரா தோமோமி என்பவரைத் தலைவராகக் கொண்ட தூதுகோஷ்டியொன்று யோகோஹாமா துறைமுகத்தினின்றும் கப்பலேறிற்று. மேனாட்டு அரசியல், கல்வி, கைத்தொழில் முதலியவற்றை நேரிற் கண்டறிவதே அதன் நோக்கம். அக்கப்பலில் ஐந்து பெண்பிள்ளைகளும் இருந்தனர். எல்லாரினும் இளையவளான த்ஸுதா உமேகோவுக்கு அப்போது வயது ஆறு. ஹொக்கைடோ என்னும் வடதீவைச் சீர்திருத்தி மக்களைக் குடியேற்றும் பொருட்டு ஏற்பட்ட இலாகாவே இவர்களைப் பத்தாண்டு படிக்க அனுப்பியது. கல்வியறிவுள்ள தாய்மார் இல்லாத நாட்டில் கல்வியறிவுள்ள மக்கள் உண்டாகார் என்பது அதிகாரிகளின் கருத்து.

ஆறு வயதுக் குழந்தையைக் கடல் கடந்து அனுப்பப் பெற்றோர்க்கு மனம் எவ்வாறு துணிந்தது? அக்குடும்பங்கள் 1868-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தைச் சார்ந்தவை. அவர்களுள் ஒருத்தி ஐஸு நாட்டு யமகாவா குடும்பத்துப் பெண். முற்றுகையிடப்பட்ட கோட்டைக்குள் எட்டு வயதிற் குண்டுமாரியைக் கண்டவள். பிரயாணத்துக்கு முன் அவள் தாய் அவளுக்கு ஸுதெமாத்ஸு என்று புதுப்பெயரிட்டாள். அப்பெயரின் முற்பகுதிக்குக் கைவிடுதல் என்பது பொருள். பிற்பகுதியின் ஒலி காத்திருத்தலையும் குறிக்கும். ஒரு தாயின் நெஞ்சம் முழுவதும் அப்பெயரில் அடங்கியிருக்கின்றதன்றோ?

மூத்த பெண்கள் இருவர் உடல்நலங் குன்றி 1872-லேயே திரும்பிவிட்டனர். எஞ்சிய மூவர் வெவ்வேறு அமெரிக்கக் குடும்பங்களில் வளர்ந்தார்கள். ஸுதெமாத்ஸு வாஸர் கலாசாலையில் 1882-இல் பட்டம் பெற்றாள். நாகாய் ஷிகெகோ அங்கேயே சங்கீதம் பயின்று, 1881-இல் நாடு திரும்பினாள். உமேகோ வாஷிங்டனில் லான்மன் தம்பதிகளின் இல்லத்தில் வளர்ப்புமகள் போலவே இருந்து பள்ளிப்படிப்பை முடித்தாள்.

1882 நவம்பரில் உமேகோவும் ஸுதெமாத்ஸுவும் ஒன்றாக ஊர் திரும்பினார்கள். என் பேச்சின் முக்கிய பாகம் இனித்தான் வருகின்றது. உமேகோ தாய்மொழியை அறவே மறந்திருந்தாள். பெற்ற தாயோடு பேசுவதற்குத் துபாஷி வேண்டியிருந்தது! ஆங்கிலமறிந்த தந்தை மட்டும் வீட்டில் இல்லாதிருப்பின் அவள் கதி யாதாயிருக்கும்? இவர்களை அனுப்பிய இலாகாவோ அவ்வாண்டின் தொடக்கத்திலேயே எடுபட்டுப் போயிற்று. மேனாடு சென்று மீண்ட ஆடவர்க்கு உத்தியோகங்கள் காத்திருந்தன. இப்பெண்களை என்ன செய்வதென்று ஒருவரும் சிந்தித்ததாகத் தோன்றவில்லை. உமேகோ தன் வளர்ப்புத் தாயாருக்கு எழுதிய கடிதங்கள் நூற்றுக்கணக்கானவை 1984-இல் அவளுடைய கலாசாலைக் கட்டடத்தின் மேற்பரணிற் கண்டெடுக்கப்பட்டன. சொந்த நாட்டில் அந்நியளாய் நின்ற ஓர் இளம்பெண்ணின் தவிப்பை அவற்றிற் காணலாம்.

சகோதரிகளே, நம் குடும்பங்களிலும் பிள்ளைகளை வெளிநாடு அனுப்பும் வழக்கம் பெருகியிருக்கின்றது. வழியனுப்பும்போது மாலையிட்டு வாழ்த்துகின்றோம். திரும்பி வந்த பெண்ணைப் பார்த்து, “நீ கற்றதைக் கொண்டு இங்கே என்ன செய்யப் போகிறாய்? அதற்கு எங்களால் ஆவது யாது?” என்று கேட்டவர் எத்தனை பேர்? வரன் பார்ப்பதில் நாம் காட்டும் அவசரத்தில் நாலில் ஒரு பங்கு இதிற் காட்டினாலும் போதும்.

ஸுதெமாத்ஸு 1883-இல் யுத்த மந்திரியான ஓயாமா இவாஓ என்பவரை மணந்தாள். அவர், அவள் சிறுமியாய் உள்ளிருந்த கோட்டையின்மேல் பீரங்கி சுட்ட படையிலிருந்தவர்! இம்மணத்தோடு அவள் கல்வி வீணாயிற்றென்று கூறுவாரை நான் ஒப்புக்கொள்ளேன். 1884-இல் சீமாட்டிகளைத் திரட்டிச் சந்தை நடத்தி, செவிலியர் பயிற்சிக்குப் பொருள் சேர்த்துக் கொடுத்தவள் அவளே.

உமேகோ மணம் புரிந்துகொள்ளவில்லை. 1885 முதல் பிரபுக்களின் பெண்கள் படிக்கும் பள்ளியில் ஆசிரியையாயிருந்தாள். 1889-இல் விடுமுறை பெற்று மீண்டும் அமெரிக்கா சென்று பிரின் மார் கலாசாலையிற் சேர்ந்தாள். முதல் யாத்திரை பிறர் அனுப்பியது. இரண்டாவது அவளே விரும்பி மேற்கொண்டது. இவ்வேறுபாடு சிறிதன்று. அங்கே உயிர்நூல் பயின்று, பிற்காலத்தில் நோபெல் பரிசு பெற்ற தாமஸ் ஹண்ட் மார்கனுடன் தவளை முட்டையைப் பற்றி ஆராய்ந்தாள். அவ்வாராய்ச்சி 1894-இல் வெளியாயிற்று. அங்கேயே தங்கி ஆராய்ச்சியைத் தொடரும்படி வந்த அழைப்பை ஏற்காது 1892-இல் ஊர் திரும்பினாள்.

திரும்புமுன் அவள் செய்த காரியமே எனக்கு மிகவும் பெரிதாகத் தோன்றுகின்றது. பிலடெல்பியா நகரத்து மாதரின் உதவியால் எண்ணாயிரம் டாலர் திரட்டி, அதன் வட்டியைக்கொண்டு ஜப்பானியப் பெண்களை அமெரிக்காவிற் படிக்கவைக்க ஏற்பாடு செய்தாள். முதலைத் தொடாமல் வட்டியிலேயே நடத்துவது என்ற இம்முறை நம் கல்வி நிதியைப் பரிபாலிப்போருக்கு நன்கு விளங்கும். தான் பட்ட தனிமையைப் பிறர் படாதிருக்கத் தாய்நாட்டில் ஓர் இடம் வேண்டுமென்று, 1900-இல் அரசாங்க உத்தியோகத்தைத் துறந்து, டோக்கியோவில் ஒரு வாடகை வீட்டிற் பத்து மாணவிகளோடு ஆங்கிலப் பள்ளியொன்றைத் தொடங்கினாள். ஸுதெமாத்ஸு துணை நின்றாள். ஸுதெமாத்ஸு அமெரிக்காவில் வளர்ந்த வீட்டின் மகளான அலிஸ் பேக்கன் கடல் கடந்து வந்து பாடஞ் சொன்னாள்.

1923-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் பள்ளிக் கட்டடங்கள் எரிந்துபோயின. 1929-இல் உமேகோ காலஞ்சென்றாள். 2024 ஜூலையில் வெளிவந்த ஐயாயிரம் யென் நோட்டில் ஜப்பான் அரசாங்கத்தார் அவள் உருவத்தைப் பொறித்திருக்கின்றனர். எரிந்துபோன பள்ளியோ 1931-இல் கொதாயிரா என்னுமிடத்திற் புதிதாக எழும்பி, இன்று சர்வகலாசாலையாக நடந்து வருகின்றது. உமேகோவுக்குப்பின் அதன் தலைமையை ஏற்ற ஹோஷினோ ஆய் என்னும் அம்மையார், அந்த எண்ணாயிரம் டாலரின் வட்டியாற் பிரின் மார் சென்று படித்து மீண்டவர்.