படி எடுத்தல் முதலில், பழுது நீக்கல் பிறகு

(வட்டத்தின் பத்தாமாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

கவியரங்கம் முடிந்த கையோடு, கணிப்பொறியின் பழுதைப் பற்றிப் பேச ஒருவன் மேடையேறுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் செயலாளர் இத்தலைப்பை எனக்குத் தந்ததற்குத் தக்க காரணம் உண்டு. மலருக்குப் படைப்புகளைத் திரட்டத் தொடங்கிய நாளில், நம் பத்தாண்டுக் கவிதைகள் முழுவதும் மறைந்துபோகும் நிலையில் இருந்தன. அதற்குக் காரணமானவன் நான். ஆகவே இவ்வுரையை ஓர் ஒப்புதல் வாக்குமூலமாகவே கொள்ள வேண்டுகிறேன்.

மாதந்தோறும் இங்கே படிக்கப்படும் கவிதைகளை என் வீட்டுக் கணிப்பொறியில் தட்டச்சு செய்து வைப்பது என் பணி. கணிப்பொறியில் இடம் குறைந்தபோது, அக்கோப்புகளை எல்லாம் ஒரு வெளி வன்தட்டுக்கு மாற்றினேன். 'எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்' என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதுதான். மாற்றியபின் கணிப்பொறியில் இருந்தவற்றை அழித்தேன். 'காப்பு எடுத்தாயிற்று' என்று மனநிறைவும் கொண்டேன். அங்கேதான் பிழை. முன்பும் ஒரு படி. பின்பும் ஒரு படி. இடம் மட்டுமே மாறியது.

அத்தட்டில், மறைந்த நம் மூத்த கவிஞர் ஒருவரின் பதினொரு கவிதைகள் இருந்தன. பார்வை குன்றிய இறுதி ஆண்டுகளில் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தவை. தாளில் அவற்றுக்குப் படி இல்லை.

மலருக்காகத் தட்டை இணைத்தேன். விளக்கு எரிந்தது, கணிப்பொறியோ அதனைக் கண்டுகொள்ளவில்லை. அவ்வேளையில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யலாகாது என்பதை நான் கற்ற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஐயுற வேண்டியது கேபிளை. விளக்கு எரிவதால் கேபிள் நலமாக உள்ளது என்று கருதிவிட முடியாது. மின்சாரம் செல்லும் கம்பி வேறு, செய்தி செல்லும் கம்பி வேறு. கைப்பேசிக்கு மின்னூட்டும் கேபிள்கள் சிலவற்றில் செய்திக் கம்பியே இராது. அடுத்தது மின்னோட்டம். கையடக்கமான தட்டுகளுக்குத் தனி மின்னிணைப்பு இல்லை, கணிப்பொறியிடமிருந்தே பெறுகின்றன. யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியரும், 3.0 துளை 900 மில்லி ஆம்பியரும் தருமாறு வகுக்கப்பட்டவை. ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் 'ஹப்'பில் செருகினால் அந்த அளவும் கிட்டாமற்போகலாம். ஆதலால் நேரே கணிப்பொறியில், மேசைக் கணிப்பொறியாயின் அதன் பின்புறத் துளையில் செருகுக. பிறகு வேறொரு கணிப்பொறியில் இணைத்துப் பார்க்க. அங்கே தெரியுமானால் குறை தட்டில் இல்லை.

இவ்வளவுக்கும் பின் தெரியவில்லை என்றால், விண்டோஸில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்னும் பகுதியைத் திறக்க வேண்டும். 'ஸ்டார்ட்' பொத்தானின்மேல் வலப்பக்கச் சொடுக்குப் போட்டால் அப்பட்டியலில் அது கிடைக்கும். தட்டு அங்கே நலமாகக் காட்டப்பட்டு, அதற்குரிய ஆங்கில எழுத்து மட்டும் இல்லாதிருந்தால், எழுத்தொன்றை ஒதுக்கினாலே போதும். கோப்புகள் காட்சி தரும்.

என் தட்டு வேறு கேபிளில் அங்கே தோன்றியது. ஆனால் எழுத்துக்குப் பதில் ஒரு கேள்வியும் உடன் வந்தது: இத்தட்டைப் பயன்படுத்துமுன் 'ஃபார்மேட்' செய்ய வேண்டும், செய்யலாமா என்று. நண்பர்களே, கணிப்பொறி கேட்கும் கேள்விகளில் இதைவிடக் கொடியது இல்லை. உள்ளே எழுதியிருப்பதைத் தன்னால் படிக்க இயலவில்லை என்பதை அது இப்படிச் சொல்கிறது. நாம் அதனை மருந்து என்று எண்ணி ஒப்புகிறோம். மேக் கணிப்பொறியில் அமைத்த நல்ல தட்டை விண்டோஸில் செருகினாலும் இக்கேள்வி எழக்கூடும். என் கை சுட்டியை நோக்கிச் சென்றது. அருகிருந்த என் மகள், "அப்பா, தொடாதீங்க" என்று கையைப் பற்றினாள். இம்மலர் உங்கள் கைகளில் இருப்பதற்கு அந்தக் கை காரணம்.

அன்று அவள் சொன்ன விதி இதுதான்: முதலில் படி எடு, பிறகு பழுது நீக்கு. 'செக்டிஸ்க்' முதலிய திருத்தும் கருவிகள் தட்டின்மேலேயே எழுதுகின்றன. நலிந்த தட்டில் அவற்றை ஓட்டினால் எஞ்சியதும் கெடலாம். எனவே அதைவிடப் பெரிய வேறொரு தட்டை வாங்கி, பழைய தட்டில் உள்ளதை அப்படியே அதில் படி எடுத்தோம். இதற்கு 'டிடிரெஸ்கியூ' என்னும் இலவச மென்பொருள் உண்டு. எளிதாகப் படிக்கக் கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பின்னர்த் திரும்பி வரும். மீட்புப் பணி முழுவதையும் அந்தப் படியின்மீதே செய்தோம்.

தட்டிலிருந்து 'டிக், டிக்' என்று விட்டுவிட்டு ஒலி வருமாயின் இவை எதுவும் வேண்டா, உடனே கழற்றிவிடுக. உள்ளே படிக்கும் முனை தன் நிலை இழந்திருக்கலாம். முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்களே. தூசியொன்று அதற்கு மலை. வீட்டில் திறந்து பார்ப்பதும், குளிர்பெட்டியில் வைப்பதும் கூடா. மீட்புக்கென்றே உள்ள ஆய்வகத்தை நாடுவதே வழி.

மீண்ட கோப்புகளைத் திறந்தபோது இன்னோர் அதிர்ச்சி. மூத்த கவிஞரின் கவிதைகள், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரிந்தன. அழிந்தே போயின என்று கலங்கினேன். உண்மையில் அவை பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை; புதிய கணிப்பொறியில் அவ்வெழுத்துரு இல்லை, அவ்வளவே. அதனை நிறுவியதும் தமிழ் தெரிந்தது. யூனிகோடில் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. பழைய எழுத்துருக்களில் கவிதை வைத்திருப்போர், அவ்வெழுத்துரு கையிலுள்ளபோதே யூனிகோடுக்கு மாற்றி வைக்க வேண்டுகிறேன்.

நம் முன்னோர் அறியாத பாடம் அன்று இது. ஓலை செல்லரிக்கும் என்றறிந்து, அது மடியுமுன் புதிய ஓலையில் படி எழுதினார்கள். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், பல சுவடிகளை ஒப்பிட்டே பாடம் கண்டார். ஒன்றில் சிதைந்ததை மற்றொன்று காட்டிற்று. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன; அவற்றுள் அச்சிட்டவை வேறிடத்தில் கிடைக்கலாம், வேறு படி இல்லாத சுவடிகள் போனவை போனவைதாம்.

எனவே மூன்று படிகள் வைப்போம். இருவேறு வகைச் சாதனங்களில் வைப்போம். ஒன்றை வேறொரு வீட்டில் வைப்போம். தட்டை எந்நேரமும் கணிப்பொறியில் செருகி வைக்க வேண்டா. கணிப்பொறியைப் பற்றும் நச்சுநிரல் அதனையும் பற்றும். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்க வேண்டா. என் தட்டு கெட்டதும் அதனால்தான் என்று எண்ணுகிறேன். திங்களுக்கொரு முறை ஒரு கோப்பையேனும் திறந்து படித்துப் பாருங்கள். திறந்து பாராத காப்பு, காப்பு ஆகாது.

நிறைவாக ஒன்று. பதினொரு கவிதைகளுள் ஒன்பது மீண்டன. அவை இம்மலரில் உள்ளன. இரண்டு மீளவில்லை. அவ்விரண்டையும் அவர் நம் கூட்டத்தில் நினைவிலிருந்து சொல்லியிருக்கிறார். அன்று கேட்டவர் எவரேனும் தம் குறிப்பேட்டில் ஓரிரு அடிகளையாவது எழுதி வைத்திருந்தால், அருள்கூர்ந்து என்னிடம் தாருங்கள். இம்முறை மூன்று படிகள் எடுப்பேன்.